மே மாசம் மட்டும் டீச்சருக்குப் பசிக்காதா?

தையல்_டீச்சர், குலசேகரம் பக்கம்:
2012இல் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேரத் தையல் டீச்சராகச் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாசம் 5,000. 2021இல் 10,000 ஆச்சு, 2024இல் 12,500. 2025 வரை மே மாசம் மட்டும் ஒன்றும் கிடைத்ததில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் மிச்சமாகும் காசில்தான் பள்ளி மெஷினுக்கு பாபினும் பெல்ட்டும் வாங்குகிறேன். போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காஜா எடுத்திருந்தாள்; ஒரு நூல் பிசிறு இல்லை. அது இருக்கட்டும். இந்த மே மாசச் சம்பளத்தை நிறுத்தியது மத்திய அரசா, மாநில அரசா? யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

பழைய_ஹெச்எம்:
டீச்சரே, உங்களுடையது தொகுப்பூதியம். அன்றைக்கு அனைவருக்கும் கல்வித் திட்டம், 2018 முதல் சமக்ர சிக்ஷா; அந்தத் திட்டப் பணத்தில் போட்ட போஸ்ட். மத்திய அரசு 60, மாநில அரசு 40 பங்கு. பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்குத் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்ததே, அது இந்தக் கணக்கில் வரவேண்டிய பணம்தான். ஆனால் மே மாசத்தை அதன் தலையில் கட்ட முடியாது. பணம் ஒழுங்காக வந்த வருஷங்களிலும் மே மாசம் தரவில்லையே. அது இங்கே மாநில அரசு போட்ட நிபந்தனை.

ரப்பர்_தோட்டம்:
மூணு அரை நாள் வேலைக்கு 12,500 குறைவா? பால்வெட்டுக்கு விடியும் முன்னே போகிறவனுக்கும் மழை பெய்தால் கூலி இல்லை.

இடைநிலை_2010:
அண்ணே, முழுநேரத்துக்கு மட்டும் என்ன வாழ்கிறது? 31.5.2009க்குள் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்றைக்கு அடிப்படைச் சம்பளம் 8,370. அடுத்த நாளிலிருந்து சேர்ந்தவருக்கு 5,200. அதே ஒன்றாம் வகுப்பு, அதே 'அ, ஆ'.

தையல்_டீச்சர்:
ரப்பர் அண்ணன் சொல்வதும் சரிதான், மழைக்காலக் கஷ்டம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் மூணு அரை நாளைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எந்த வேலைக்கும் போக முடியாதே. ஆண்டுவிழா, தேர்வு மேற்பார்வை என்றால் முழு நாளும் கூப்பிடுவார்கள். மே மாசம் கல்யாண பிளவுஸ் தைத்துத்தான் ஓடியது.

பழைய_ஹெச்எம்:
தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்ததாக நீங்கள் காட்ட வேண்டும். கூடுதலாகப் போன நாள்களுக்குப் பதிவு இருக்கிறதா?

தையல்_டீச்சர்:
வருகைப் பதிவேட்டில் மூணு அரை நாளுக்குத்தான் கையெழுத்து, சார். மற்ற நாள்களை அளவு எடுக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அது செல்லுமா?