சொந்த உடலைப் பற்றி எழுதுவதற்குத் தமிழில் முன்மாதிரி உண்டா?

வைகைக்கரை:
வணக்கம். எனக்கு 52 வயது. குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பிவிட்டது. தொடையில் கையை ஊன்றி அழுத்தித்தான் நடப்பேன். என் நடையைப் பற்றிய கட்டுரை ஒன்றை இதழொன்றுக்கு அனுப்பியபோது, வாசகருக்கு ஊக்கம் தரும்படி முடிவை மாற்றச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். நான் எழுதியதோ, எந்தக் கால்சட்டை வாங்கினாலும் கை ஊன்றும் உள்ளங்கையளவு இடம் மட்டும் ஆறே மாதத்தில் நைந்துபோவதையும், அதன் உட்புறத்தில் என் மனைவி ஒட்டுத்துணி வைத்துத் தைப்பதையும். இதில் ஊக்கத்துக்கு எங்கே போவது? உடலை உடலாகவே சொன்ன எழுத்து நம் இலக்கியத்தில் இருக்கிறதா?

பழைய வாத்தியார்:
புறநானூற்றின் 28ஆம் பாடல் கூன், குறள் (குள்ள உடல்), ஊமை, செவிடு முதலான பிறப்புகளை ‘எண்பேர் எச்சம்’, அதாவது எட்டு வகைக் குறைப் பிறப்புகள், என்று ஒதுக்கிவிடுகிறது. அதை வகுப்பில் நடத்திய ஒவ்வோர் ஆண்டும் எனக்குக் குரல் தாழ்ந்துபோனதுண்டு. தாங்கள் கேட்பதற்கு அருகில் வருவது கலித்தொகை 94. அதில் ஒரு குறளன் கூனியிடம் காதல் சொல்கிறான். முன்புறம் தழுவினால் அவளது கூன் தன் நெஞ்சில் ஊன்றும், பின்புறம் தழுவினால் கூசும் என்றெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு, ‘அருளீமோ பக்கத்துப் புல்லச் சிறிது’, பக்கவாட்டில் சிறிது தழுவ அருள்வாயா என்று கேட்கிறான். இரண்டு உடல்கள் எந்தப் பக்கமாகப் பொருந்தும் என்பதை இவ்வளவு கிட்ட நின்று பார்த்த வேறொரு சங்கப் பாடல் என் நினைவில் இல்லை.

தாழ்வாரம்:
ஐயா, எனக்கே முதுகெலும்பு வளைந்திருப்பதால் அந்தப் பாடலைப் பலமுறை படித்திருக்கிறேன். ஊன்றுவது அவன் நெஞ்சில் என்று தெரிகிறது. தழுவப்படும்போது அவள் முதுகுக்கு என்ன நேர்கிறது என்று தெரியவில்லை. ‘கோயிலுள் கண்டார் நகாமை வேண்டுவல்’ என்ற வரியும் அதில் வருகிறது. அரண்மனையில் காண்பவர் சிரிக்கக் கூடாதே என்ற அந்த அச்சம் எனக்குப் பழக்கமானது. வைகைக்கரை அவர்களே, உங்களிடம் ஊக்கம் கேட்ட இதழும் அந்த அரண்மனைக்காரர்கள் நின்ற இடத்திலிருந்துதான் பார்க்கிறது. சிரிப்புக்குப் பதிலாகக் கைதட்டல், அவ்வளவுதான். ஒட்டுத்துணியை நீக்காதீர்கள்.

மருந்தாளுநர்:
இலக்கியம் எனக்கு அதிகம் தெரியாது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் நோய் ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்துவிட்டது. இந்த நடையை உள்ளிருந்து எழுதக்கூடியவர்கள் இனிப் புதிதாக வரப்போவதில்லை என்பதையும் அந்த ஆசிரியருக்குச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. முடிவை மாற்றத்தான் போகிறேன், ஆனால் அவர்கள் கேட்டபடி அல்ல. இரண்டு ஆண்டுகளாக இடது காலும் தளர்ந்து வருகிறது. போலியோ வந்தவர்களுக்குப் பல்லாண்டு கழித்து இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். படியேறும்போது கை இப்போது அந்தப் பக்கமும் போகிறது. போன வாரம் வாங்கிய கால்சட்டைக்கு என் மனைவி இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி வைத்துவிட்டார்.