ஜியோபாலிமருக்குக் ‘கனிமவலை’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

களிமண்ணை ஜியோபாலிமரும் (சிமெண்டுபோல இறுகி மண்ணைப் பிணைக்கும் கனிமப் பொருள்) இழையும் சேர்த்து வலுப்படுத்துவது பற்றிய கட்டுரையில், ஜியோபாலிமருக்குத் தமிழாகப் ‘புவிப்பலபடி’ என்ற சொல்லை முன்வைத்திருந்தீர்கள். பார்த்ததும் விளங்குகிற சொல்தான், ஆனால் இங்கே அது குழப்பும். பலபடி, அதாவது பாலிமர், என்றதும் பிளாஸ்டிக்தான் மனத்தில் வரும். இந்தக் கலவையிலோ நிஜமாகவே ஒரு பிளாஸ்டிக் இருக்கிறது, பாலிபுரோப்பிலீன் இழை. ஒரே பத்தியில் இரண்டும் பலபடி என்றால் மண்ணைப் பிணைப்பது எது, பிளவைத் தடுப்பது எது என்று படிப்பவர் திணறுவார்.

1970களின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டேவிடோவிட்ஸ் ‘ஜியோபாலிமர்’ என்ற பெயரை வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது கனிமம். நிலக்கரிச் சாம்பலிலோ மெட்டாகயோலினிலோ (சூடேற்றிய கயோலின் களிமண்) உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிக்கேட் சேர்ந்த காரக் கரைசலில் கரைந்து, பிறகு சிலிக்கான், ஆக்சிஜன், அலுமினியம் என்று எல்லாத் திசையிலும் பின்னிக்கொண்டு இறுகுகின்றன. மண் துகள்கள் அந்தப் பின்னலில் சிக்கிக்கொள்வதால்தான் களிமண் தண்ணீர் பட்டு வீங்குவது குறைகிறது. ஆகவே என் பரிந்துரை ‘கனிமவலை’. ‘கனிமப் பிணைப்பி’ போதாதா என்று கேட்கலாம். சிமெண்டும் சுண்ணாம்பும்கூடக் கனிமப் பிணைப்பிகள்தாமே, பிரித்துக்காட்ட வழியில்லை.

அடுத்து, ‘இழை வலுவூட்டல்’. தவறில்லை, ஆனால் கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டுவதுபோல ஒரு படம் வந்துவிடுகிறது. இங்கே 6 அல்லது 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய இழைகளை மண்ணின் உலர் எடையில் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்குள் தூவிக் கலக்கிறார்கள், அவை எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கும் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. அளவு கூடினால் உருண்டை கட்டிக்கொள்ளும், அந்த இடமே பலவீனமாகிவிடும். இழையின் பயனை அமுக்கச் சோதனையில் கண்ணாலேயே பார்க்கலாம். கனிமவலை மட்டும் சேர்த்த மண் உருளை நன்றாகச் சுமை தாங்கிவிட்டு, சட்டென்று மேலிருந்து கீழாகப் பிளந்து நொறுங்கும். இழை கலந்தது உடனே கைவிடாது. பக்கவாட்டில் புடைக்கும், விரிசல் விழும், விரிசலின் இரு கரையையும் இழைகள் பிடித்துக்கொண்டிருக்கும், சுமை ஏற ஏற அறுபடாமல் மெல்ல உருவிக்கொண்டு வரும். எனவே ‘இழைக்கலப்பு’ என்றே எழுதலாமே, செய்முறையும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரக் கரைசலை ‘வினையூக்கி’ என்று எழுத வேண்டாம். வினையூக்கி என்றால் வினை முடிந்ததும் செலவாகாமல் மிஞ்ச வேண்டும். இங்கே கரைசலில் உள்ள சிலிக்கேட் பின்னலிலேயே சேர்ந்துவிடுகிறது, சோடியமோ அலுமினியம் இருக்கும் இடத்து எதிர்மின்சுமையைச் சமன்செய்துகொண்டு உள்ளேயே தங்கிவிடுகிறது. ‘காரக் கிளர்த்தி’ எனக்குச் சரியாகப் படுகிறது. கிளர்த்தி காதுக்குப் பழகவில்லை என்றால் ‘கிளர்வூட்டி’ வைத்துக்கொள்ளலாம். இரண்டில் எது என்று சொன்னால் கட்டுரை முழுவதும் அதையே மாற்றிவிடுகிறேன்.