டைனமோ வந்தும் ஆலை மாறாத நாற்பது வருஷம்

[குழு: கோவை சொந்தங்கள்]

ஹரி: நியூயார்க்குல எடிசனோட பேர்ல் ஸ்ட்ரீட் பவர் ஸ்டேஷன் 1882லயே ஓடிருச்சு. அமெரிக்க ஆலைகள்ல உற்பத்தித்திறன் எகிறுனது 1920கள்ல. நடுவுல என்னதாங்க பண்ணுனாங்க?

கவிதா அத்தை: 1900 வாக்குல அங்க ஆலைகளை ஓட்டுன சக்தியில மோட்டாரோட பங்கு 5%கூட இல்லடா. 1929ல முக்கால்வாசிக்கு மேல.

ஹரி: மோட்டாரை மாட்டுறதுல என்ன கஷ்டம்?

பெரியப்பா: எங்க மாட்டுனாங்கங்கறதுதான் கண்ணு விஷயம். நீராவி எஞ்சின் ஒண்ணு. கூரையோரமா ஹால் நீளத்துக்கும் லைன் ஷாஃப்ட், அதாவது எஞ்சின் சுத்தற நீளமான இரும்புத் தண்டு. மிஷினுக்கு ஒரு புல்லி, ஒரு தோல் பெல்ட். மேல்மாடிக்குத் தரையில ஓட்டை போட்டுத்தான் பெல்ட் ஏறும், தீப்புடிச்சா அதே வழியா நெருப்பும் ஏறும். எஞ்சினைக் கழட்டி அந்த எடத்துல ஒரு பெரிய மோட்டாரை வெச்சா மிச்சம் கொஞ்சம் நிலக்கரிதான். ஷாஃப்ட் அப்படியே சுத்துதே!

மாமா: ஒரே ஒரு லேத் ஓடணும்னாலும் மொத்த ஷாஃப்டும் சுத்தணும். பேரிங் ஒண்ணு லைன் விலகுனா சூடேறும், அதைப் பார்க்க நிறுத்துனா ஹாலே நிக்கும். மூணுல ஒரு பங்கு சக்தி உராய்வுல போறது சர்வசாதாரணம். எண்ணெய் சொட்டுறது தனி 😀

ஹரி: மிஷினுக்கு ஒரு மோட்டார்னு அப்பவே வெச்சிருக்கலாமே?

பெரியப்பா: ஆரம்பத்துல கெடைச்சது டிசி மோட்டார். சுத்தற பாகத்துக்குக் கரன்ட் குடுக்க உரசிக்கிட்டே இருக்கற பிரஷ்ல பொறி பறக்கும், பஞ்சு பறக்கற எடத்துல அதை வெப்பியா? பிரஷ் இல்லாத ஏசி இண்டக்‌ஷன் மோட்டாருக்கு டெஸ்லா காப்புரிமை வாங்குனது 1888. தென் கரோலினாவுல கொலம்பியா மில் 1894ல அந்த வகையை மாட்டுச்சு: 65 குதிரைத்திறன்ல 17 மோட்டார், தரை அடைக்காம கூரையில தொங்கவிட்டு. அப்பவும் மோட்டாருக்கு ஒரு கூட்டம் மிஷின்தான்.

கவிதா அத்தை: பாய்லரும் மாடிக் கட்டடமும் நல்லா இருக்கறப்ப எவன் இடிப்பான்? தேயற வரைக்கும் ஓட்டுனாங்க. கரன்ட்டும் அப்ப விலை. சிகாகோவுல மின் கம்பெனி நடத்துன சாமுவேல் இன்சல் 1903ல 5,000 கிலோவாட் நீராவி டர்பைன் வெச்சாரு. மிஷின் சும்மா நிக்காம, பகல்ல ஆலை, டிராம், ராத்திரி விளக்குன்னு லோடைப் பரப்புனாரு. யூனிட் விலை எறங்க எறங்க, சொந்த டைனமோ வெச்சிருந்தவங்களும் வெளியில வாங்குனாங்க.

மாமா: அசல் லாபம் புதுசா கட்டுனவங்களுக்கு. தனித்தனி மோட்டார்னா ஷாஃப்ட் தாங்க கனத்த உத்தரம் வேண்டாம். ஒரே தளம், பெல்ட் காடு இல்லாததால மேல வெளிச்சம், கிரேன் ஓட எடம். மிஷினை வேலை நகர்ற வரிசைக்கு நிறுத்தலாம். முன்னெல்லாம் ஷாஃப்ட் எங்கயோ மிஷின் அங்க.

ஹரி: ஃபோர்டு பண்ணுன மாதிரியா?

மாமா: 1913-14ல ஃபோர்டோட ஹைலண்ட் பார்க் ஆலையில சேஸிஸ் (காரோட அடிச்சட்டம்) பூட்டுற நேரம் பன்னெண்டரை மணியில இருந்து 93 நிமிஷமாச்சு. ஆனா அதை முழுக்க மோட்டார் கணக்குல எழுதாத, அங்க மிஷின் ஷாப்புல அப்பவும் பெல்ட்தான் ஓடுச்சு.

ஹரி: நம்மூருல?

கவிதா அத்தை: 1930கள் தொடக்கத்துல நீலகிரி பைக்காராவுல இருந்து நீர்மின் கரன்ட் வந்துச்சு. நிலக்கரிச் சுரங்கம் ரொம்பத் தூரம், ரயில்ல கொண்டு வர்றதே பெரிய செலவு. அந்தச் செலவு இல்லைன்னானதும் புது மில்லுங்க வரிசையா எழும்பிருச்சு.