புதுத் தடத்தைப் பழக்கிக் கொடுத்த அனுபவங்கள்: நீலகிரியிலிருந்து ட்ராக்குக்குப் போகிறவர்கள் எழுதுங்கள்

கேத்தியிலிருந்து:

நம் மலைப் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) என்று கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு இறங்கிப் போகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தடத்தைப் பழக்கிக் கொடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதில் பார்த்ததை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஞாபகத்துக்கு வருபவன் கோத்தகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவன். ராத்திரியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு பிக்கப் ஓட்டுபவன். வண்டியைக் கையாள அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியிலும் மழையிலும் லோடோடு இறங்கிப் பழகிய கால். ஆனால் கரியில் முதல் சுற்று முழுக்கத் தடத்தின் இடது பாதியிலேயே ஓட்டினான். வளைவு எந்தப் பக்கம் திரும்பினாலும் இவன் இடது ஓரம்தான். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் கை தானாக ஹாரனுக்குப் போனது. எதிரே பஸ் வரும் என்றே அவன் உடம்பு நம்புகிறது.

இந்தப் பழக்கத்தைக் கெட்ட பழக்கம் என்று சொல்லித் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையில் அவனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான். அதை அழிக்காமல், தடத்துக்கென்று இன்னொரு பழக்கத்தைத் தனியாக உருவாக்க வேண்டும். அது ஆக்சிலரேட்டரில் ஆரம்பிப்பதில்லை, கண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

மதிய இடைவேளையில் அனுமதி வாங்கி அவனை நடக்கக் கூட்டிப் போனேன். கரியின் சுற்று 2.1 கிலோமீட்டர்தான், நின்று நின்று பார்க்கலாம். ஒவ்வொரு வளைவிலும் அவனே நாலு இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்: பிரேக் பிடிக்கும் இடம், ஸ்டீயரிங் திருப்பும் இடம், உள் ஓரத்தைத் தொடும் அபெக்ஸ், வெளியே வந்து சேரும் இடம். பிரேக்குக்கு அவன் முதலில் காட்டியது தடத்தில் விழுந்திருந்த ஒரு நிழலை. சாயங்காலம் அது வேறு இடத்தில் இருக்கும். தூக்கி வைக்கக்கூடிய கோனும், ஓரத்தில் நிற்கும் வண்டியும்கூட அப்படித்தான். நகராத அடையாளம் வேண்டும். தாரில் ஒட்டுப் போட்ட இடம், கெர்ப் (தடத்தின் ஓரத்துப் பெயின்ட் அடித்த கட்டை) தொடங்கும் இடம், கொடி காட்டும் மார்ஷல் நிற்கும் மேடை போன்றவை. அப்புறம் அவனை அங்கேயே குந்தச் சொன்னேன். நின்று பார்த்தால் வளைவின் முடிவு தெரிகிறது, டிரைவர் சீட் உயரத்தில் பல வளைவுகளில் தெரியாது. நடக்கிற பலர் இதைச் செய்யாமல் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள்.

எல்லா வளைவுக்கும் ஒரே மரியாதை கிடையாது என்பதை அடுத்து சொன்னேன். நீளமான நேர்ப்பாதைக்கு முன்னால் இருக்கும் வளைவுதான் பெரியது. அங்கே வெளியே வரும்போது கிடைக்கும் வேகம் அந்த நேர்ப்பாதை முழுக்கக் கூடவே வரும். அதனால் அதிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். எங்கே முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம், அதற்கு வண்டி எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், அதற்கு எங்கே திருப்ப வேண்டும் என்று. தெரியாத தடத்தில் உள் ஓரத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொடுவது நல்லது. கணக்கு பிசகினாலும் வெளியே இடம் மிச்சம் இருக்கும். சீக்கிரமாகத் தொட்டால் வளைவின் கடைசியில் தடம் தீர்ந்து போகும், அந்த நேரத்தில் புதியவர்கள் ஆக்சிலரேட்டரை டக்கென்று விடுவார்கள், பின் சக்கரம் வழுக்கும்.

மலைக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் அதற்கேற்பக் குறையும். கீழே போனதும் அதே வண்டி கூடுதலாக இழுக்கும். நேர்ப்பாதையின் முடிவு நினைத்ததைவிடச் சீக்கிரம் வரும். அதனால் மேலே ஓட்டிய ஞாபகத்தை வைத்து பிரேக் புள்ளியைக் குறிக்காதீர்கள். டயர் காற்றும் அப்படித்தான், உயரமும் வெப்பமும் மாறுகிற மாதிரி கேஜில் அளவு மாறும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிட்டில் (தடத்தோரம் வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) மறுபடி பாருங்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு சுற்றை வாயால் ஓட்டச் சொன்னேன். கையில் ஸ்டாப்வாட்ச். 'பிரேக், ரெண்டாவது கியர், கெர்ப், வெளியே' என்று போய்க்கொண்டே இருந்தவன் ஒரு இடத்தில் தாவி அடுத்த வளைவுக்குப் போய்விட்டான். அவனுக்கே தெரியவில்லை. நிஜச் சுற்றைவிட வாய்ச் சுற்று நிறைய குறைவாக வந்தது. தாவிய இடம்தான் அவனுக்கு இன்னும் பழகாத இடம். மறுநாள் அந்த ஒரு வளைவை மட்டும் பார்த்து ஓட்டினான், மற்றதெல்லாம் தானாகச் சீரானது.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, ரொம்ப நன்றி. நான் கற்றுக்கொண்டது சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். அந்தத் தடம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. சி1, சி2 என்று எண்ணால்தான் சொல்வார்கள். முதல் நாள் காலையில் எல்லா வளைவும் ஒன்று போலவே இருந்தது, அழுகையே வந்துவிட்டது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு செஷனுக்கு (தடத்தில் ஓட்டக் கொடுக்கும் ஒரு தவணை நேரம்) ஒரு விஷயம்தான் சொன்னார். முதல் செஷன் முழுக்க மார்ஷல் எங்கெங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொன்னார். வேகம் வேண்டாம், லைன் (வளைவில் வண்டி போக வேண்டிய கோடு) வேண்டாம். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி. கொடி எங்கே வரும் என்று தெரிந்ததும் பயம் பாதி போயிற்று, ஏனென்றால் அந்தப் பார்வையிலேயே தடத்தின் வடிவம் மனசில் ஏறிவிட்டது. அப்புறம் சுற்றை மூன்று துண்டாகப் பிரித்துத் தந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வளைவுக்குள் ஒரு வார்த்தை பேச மாட்டார். வளைவுக்கு முன்பே 'தூரமாகப் பார்' என்பார், அவ்வளவுதான். சில பேர் பக்கத்தில் உட்கார்ந்து நடுவளைவில் கத்துவார்கள். அது காதில் ஏறுவதற்குள் வளைவு முடிந்துவிடும், அடுத்த வளைவும் கெட்டுப்போகும். சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

அண்ணா, மழை வந்தால் இதே அடையாளங்களை வைத்து ஓட்டலாமா?

கூடலூரிலிருந்து:

ட்ராக் போவதற்கு முன்னால் 'கையைப் பழக்க' ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் ராத்திரி ஓட்டுகிறேன் என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். நான் கோபப்பட்டேன், இப்போதும் கோபம் இருக்கிறது. 36 கொண்டை ஊசி வளைவு, சரிவில் முதல் கியர், இரண்டாம் கியரில் இறங்க வேண்டிய பாதை. பிரேக் போய் எத்தனை வண்டி அங்கே உருண்டிருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எதிரே ஜீப் வரும், யானை நிற்கும். தடத்தில் வழுக்கினால் ரன் ஆஃப் (தடத்துக்கு வெளியே விட்ட காலி இடம்) இருக்கிறது, மார்ஷல் இருக்கிறார், ஆம்புலன்ஸ் இருக்கிறது.

அதோடு மலைப்பாதை தப்பான பாடத்தைத்தான் சொல்லித்தரும். இங்கே எஞ்சின் பிரேக்கில் மெதுவாக இறங்குகிறோம். அங்கே நேர்ப்பாதையிலேயே பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து, திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கால் வேலையே வேறு. அந்தப் பையனை நானே கரிக்குக் கூட்டிப் போனேன். தடத்துக் கட்டணம் அவனுக்குப் பாரம்தான், இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

குன்னூரிலிருந்து:

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. வண்டிக்குள் கேமரா வைத்து எடுத்த ஆன்போர்டு வீடியோ பார்ப்பது வளைவுகளின் வரிசை மனப்பாடமாக நல்லது. என் தங்கை அப்படித்தான் தயாரானாள். ஆனால் கேமராவின் அகல லென்ஸில் வளைவு தள்ளி இருப்பது போலத் தெரியும், மேடு பள்ளமும் தட்டையாகத் தெரியும். அதனால் வீடியோவில் பார்த்த பிரேக் புள்ளியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வீடியோவில் ஓடிய வண்டி எது, டயர் எது என்பதும் நமக்குத் தெரியாது.

கேத்தியிலிருந்து:

மழை பற்றிக் கேட்ட கோத்தகிரித் தங்கைக்கு: அடையாளங்கள் அதேதான், அளவு மாறும். பிரேக்கை நன்றாக முன்னாலேயே தொடங்குங்கள். காய்ந்த தடத்தில் எல்லோரும் ஓட்டுகிற லைனில் டயர் ரப்பர் படிந்து பிடிப்பு கூடும். நனைந்ததும் அதே இடம் வழுக்கும். அதனால் வழக்கமான லைனை விட்டுக் கொஞ்சம் வெளியே பிடிப்பைத் தேடிப் பாருங்கள். கெர்ப், வெள்ளைக்கோடு இரண்டையும் தொடவே வேண்டாம், பெயின்ட் நனைந்தால் பிடிப்பே இருக்காது.

கூடலூர் நண்பர் சொன்ன பிரேக் விஷயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரிக்குக்கூட இறங்கலாம். நம் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் ஆயிலைத் தள்ளிப் போடாமல் மாற்றி விடுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆற விடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை அனுபவம் உள்ள மற்றவர்கள் வளைவு வாரியாக அடையாளங்களை எழுதினால் நன்றாக இருக்கும். எங்கள் கேரட் வண்டித் தம்பி அடுத்து அங்கேதான் போகிறான்.