பின்னுக்குப் பார்த்துக்கொண்டு போன காலம்

இரண்டாம் இருக்கை:

கம்பஸ் ரோயிங் (துடுப்பு வள்ள) கிளப்பில் இருந்தபோது தண்ணியில் எதிர்ப்பட்டதை, அவரவர் வள்ளத்தில் இருந்த இருக்கையின் பெயரில், ஆளுக்கொன்று எழுதுவோம் என்று போன கிழமை கதைத்தோம். ஒருவரும் தொடங்குவதாக இல்லை. சரி, நானே தொடங்குகிறேன். பதக்கக் கதைகள் வேண்டாம். எங்களிடம் அவை அவ்வளவாக இல்லை.

நான் சேர்ந்ததே ஒரு பொய்யில். நீந்தத் தெரியுமா என்று சீனியர் அண்ணா கேட்டார். தெரியும் என்றேன். கீரிமலைக் கேணியில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவேன், அதைத்தான் நீச்சல் என்று நம்பியிருந்தேன்.

வெள்ளவத்தையில் அறை. விடிய ஐந்து மணிக்கு 100ஆம் இலக்க பஸ். காலிமுகத்திடலில் இறங்கி, கொம்பனித்தெருப் பக்கமாக நடந்தால் பேர வாவி. முதலில் மணம் வரும், அப்புறம்தான் தண்ணி தெரியும். போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டைக்குக் காவலாக இருந்த நீர் அது. இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 65 ஹெக்டேயர். நகரத்துக் கழிவு வந்து சேர்ந்து பாசி பெருகியதால், வெயில் காலத்தில் கீரைக் கடையல் மாதிரி இருக்கும்.

முதல் மாதம் துடுப்பைவிட வள்ளத்தைத் தூக்கியதுதான் கூட. சுக்கான் பிடித்துக் கட்டளை கொடுக்கும் காக்ஸோடு துடுப்புக்காரர் நாலு பேர் போகும் வள்ளம் போட்டி விதிப்படி 51 கிலோவுக்குக் குறையக் கூடாது. எங்களுடையது குறைந்துவிடுமோ என்று ஒருநாளும் பயந்ததில்லை. ஒவ்வொரு வருடப் பிள்ளைகளும் உடைத்த இடத்தில் அடுத்த வருடப் பிள்ளைகள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, பார்க்கப் பழைய சைக்கிள் டியூப் மாதிரி இருக்கும். ஏறும்போது கால் வைக்கவென்று உள்ளே ஒரே ஒரு சின்னப் பலகை. அதைத் தவறவிட்டால் கால் அடியைப் பிய்த்துக்கொண்டு வாவிக்குள் போய்விடும், தோல் அவ்வளவு மெல்லிசு. ஒரு ஒட்டு என்னுடையது. எது என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் கிழமை நண்டு பிடித்தேன். தெரியாதவர்களுக்கு: துடுப்பின் அலகு கோணலாக இறங்கினால் தண்ணி அதைக் கவ்விக்கொள்ளும். வள்ளம் போகிற வேகத்தில் கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் இடிக்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். எனக்கு இடித்த இடியில் ஆளே வெளியே. நல்ல அகலமாக வாயைத் திறந்துகொண்டுதான் விழுந்தேன். படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, கையில் ஒரு பிளேன்டீயைத் தந்து, “மல்லி, விழுவது பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு விழப் பழகு” என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி. அடுத்த இரண்டு கிழமையும் தும்மினாலே எலிக்காய்ச்சல் என்று முடிவு கட்டிக்கொண்டு படுத்தேன்.

கடைசி வருடம் இறுதிப் போட்டி. மற்றக் கம்பஸிடம் அரை வள்ள நீளத்தில் தோற்றோம். பாதித் தூரம் வரை முன்னால் இருந்தவர்கள் நாங்கள்தான். பிறகு திடீரென்று யாரோ வாலைப் பிடித்து இழுக்கிற மாதிரி வள்ளம் பாரமாகிவிட்டது. கரைக்கு வந்ததும் எல்லோரும் பார்த்தது என்னை. “இரண்டு விட்டுட்டான்” என்றார்கள், இரண்டாம் இருக்கை இழுக்காமல் விட்டுவிட்டான் என்று. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் விடவில்லை. பதிந்துவைக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாம் இருக்கை:

நான் மட்டக்களப்பு. எங்கட வாவியில் சின்ன வயதிலிருந்து சவள் பிடித்துத் தோணி விட்டவன். இவர்களுக்கு என்ன தெரியும் என்ற நினைப்போடுதான் முதல் நாள் போனேன். ஏறி, போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தேன். மற்ற மூன்று பேரும் எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள்தான் பிழையாக இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் முழுக்க நம்பினேன்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன், இது பின்னுக்குப் பார்த்துக்கொண்டு போகிற தோணி என்று. “அப்ப வழி பார்க்கிறது ஆரு மனே?” என்றா. ஒரு பிள்ளை, எங்களுக்கு முன்னால் இருந்து கத்தும் என்றேன். அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு விட்டவன்தான். எனக்குப் பின்னால் இருந்தவன், முதுகில் தெரிந்தது.

ஸ்ட்ரோக்:

முதுகில் தெரிந்ததாம். மற்றவர்களுக்குத் தாளம் வைக்கும் ஸ்ட்ரோக் இருக்கையில் இருந்தவன் நான். சரி, நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

கொழும்பு ரோயிங் கிளப் 1864இல் தொடங்கியது, சென்னையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867இல். இரண்டும் மோதும் ரெகாட்டா 1898இலிருந்து இருக்கிறது. நாங்கள் அதில் ஓடுகிற ஆட்கள் இல்லை. ஒரு வருடம் சென்னைக்காரர் பேர வாவியில் பயிற்சிக்கு இறங்கியபோது துடுப்புத் தூக்கிக் கொடுக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. நாள் முழுக்கக் கட்டளை ஆங்கிலத்தில், திட்டு சிங்களத்தில் என்றே பழகின காதுக்கு, தண்ணியில் தமிழ் கேட்டது பெரிய சந்தோஷம். ஒற்றை வள்ளத்தில் போன ஒரு பெடியன் அபாரமாகச் செய்தான். துடுப்பு ஒவ்வொரு முறையும் சத்தமே இல்லாமல், தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. கரைக்கு வந்தவனிடம் ஓடிப்போய், “தம்பி, நல்லா வலிச்சீங்கள்” என்றேன்.

தோளைத் தடவிப் பார்த்தான். முழங்காலைத் தடவிப் பார்த்தான். “இல்ல ப்ரோ, எனக்கு எங்கயும் வலிக்கலையே.”

எங்களுக்குத் துடுப்பு வலிக்கிறது என்றால் அதை இழுப்பதுதான். ஊரில் கடற்தொழில் செய்கிற பெரியப்பா முதல் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அவன் நகரத்துப் பிள்ளை, “துடுப்புப் போடுறது” என்கிறான். விளங்கப்படுத்தக் கால்மணி நேரம் எடுத்தது. விளங்கினதும், “அப்ப ரெண்டும் ஒண்ணுதான் ப்ரோ” என்று சிரித்தான். கொட்டகை மூலையில் ரோயிங் மெஷினில் 2000 மீட்டர் இழுத்தவர்களுக்கு அவன் சொன்னது புரியும். எழும்பி நிற்கக் கால் வராது. இது கைவேலை என்று நினைத்துச் சேருகிறவர்கள் எல்லோரும் அந்த மெஷினில்தான் காலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

போகும்போது, அடையாற்றோடு பார்த்தால் உங்கள் வாவி பன்னீர் என்று சொல்லிவிட்டுப் போனான். மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

காக்ஸ்:

அண்ணாமார் எல்லோரும் பின்னுக்குப் பார்த்துக்கொண்டு போன ஆட்கள். முன்னால் என்ன வந்தது என்று பார்த்தது நான் ஒருத்திதான், ஆகவே எதிர்ப்பட்டவை எல்லாம் என் கணக்கில்தான் சேரும். கூழைக்கடா ஒன்று தாமரைக் கோபுரப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து, வள்ளத்தின் முன் நுனியிலுள்ள வெள்ளைப் பந்துக்கு நேரே இறங்கி, நகரமாட்டேன் என்று மிதந்துகொண்டிருந்தது. நீங்கள் நிறுத்தி இளைப்பாறியது ஞாபகம் இருக்கும், ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னொரு விடிய மரக்கட்டை என்று நினைத்து ஒதுங்கினேன், கட்டை திரும்பி நாக்கை நீட்டியது. கபரகொய்யா, தண்ணியில் திரியும் பெரிய உடும்பு. சொல்லியிருந்தால் மூன்றாம் இருக்கை எழும்பி நின்றிருப்பார்.

அரிசிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். காக்ஸ் 55 கிலோ இருக்கவேண்டும், குறைந்தால் அந்தளவு பாரத்தை வள்ளத்தில் வைக்கவேண்டும். நான் 47. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள கடையில் அம்மா 8 கிலோ சம்பா கட்டி வாங்கித் தந்தா, போட்டி முடிய வீட்டுக்கு ஆகும் என்று. மடியடியில் வைத்துக்கொண்டு போனேன். துடுப்புத் தெறித்ததில் பை நனைந்துவிட்டது. பேர வாவித் தண்ணி பட்ட அரிசியை அம்மா காகத்துக்குக்கூடப் போடவில்லை.

இப்போது மற்றது. இரண்டாம் இருக்கை அண்ணா, இருந்துகொண்டு வாசியுங்கள்.

அந்த இறுதிப் போட்டியில் பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரோஸ் நிறப் பொலித்தீன் சொப்பின் பை மிதந்து வந்தது. கண்டேன். சுக்கானைத் திருப்பினால் வேகம் குறையும், நாங்கள் முன்னால் நிற்கிறோம், பக்கத்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. வள்ளத்துக்கு அடியில், பின்பக்கம், நேராகப் போவதற்கு என்று ஒரு சின்னச் செதில் இருக்குமே, அதில் சுற்றிக்கொண்டது. கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கினீர்கள். நான் வால்பக்கம் சுக்கானுக்குக் கை கொடுத்துக்கொண்டு வந்தேன். அப்போதே கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் இரண்டாம் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

முதலாம் வருடப் பிள்ளை நான், பயம். பிறகு சொல்லலாம் என்றால் அது ஒரு பகிடியாகிவிட்டது, கலியாண வீடுகளில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன்.

மூன்றாம் இருக்கை:

முதுகில் தெரிந்தது என்று நான் எழுதியதை அழிக்க வழி இருக்கிறதா?

இரண்டாம் இருக்கை:

இல்லை. இருக்கட்டும்.

தங்கச்சி, பன்னிரண்டு வருடம். அடுத்த மாதம் ஸ்ட்ரோக்கின் தம்பிக்குக் கலியாணம், வெள்ளவத்தையில். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கிற நேரம் பார்த்து எழும்பி நின்று சொல்கிறாய். அந்தப் பையை வைத்திருக்கிறாயா?

காக்ஸ்:

இருக்கு அண்ணா.