புரட்டாசி வெக்கையும் வானிலை அறிக்கையும்: ராதாபுரம் கரையோர அனுபவங்கள்

திசையன்விளைப் பகுதியிலிருந்து, முருங்கை விவசாயி:

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்த பிறகு, எங்கள் பக்கத்தில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் பொழுதைத் தொடங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள். மழைக்காகப் பழகிய அந்தக் கண், ஆவணிக் கடைசியிலும் புரட்டாசி முதல் பாதியிலும் அடிக்கும் வெக்கைக்கு மட்டும் இன்னும் பழகவில்லை என்பது என் எண்ணம். அறிக்கையில் உள்ள டிகிரியைப் பார்க்கிறோம், காற்றைப் பார்ப்பதில்லை. நம் கரையோரத்தில் அன்றைய வெக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றுதான்.

‘பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்’ என்று புரட்டாசியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவைத்ததில் முதல் பாதிக்குக் காரணம் இருக்கிறது. சூரியன் ஆண்டுக்கு இருமுறை நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. சித்திரை பிறக்கும் தறுவாயில் ஒருமுறை, ஆவணி நடுவில் மறுமுறை. ஆகவே புரட்டாசி பிறக்கும்போது வெயில் இன்னும் உச்சியை விட்டு அதிகம் சாய்ந்திருக்காது. அதோடு, தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கத்திலும் மலைமேலும் இறக்கிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது, இறங்க இறங்க அமுக்கப்பட்டுச் சூடேறி, உலர்ந்த மேல்காற்றாகத்தான், அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றாகத்தான், தேரி என்று நாம் சொல்லும் செம்மணல் மேடுகளுக்கு வந்து சேருகிறது. அந்த மேல்காற்று வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்றால் கரையைத் தாண்டி உள்ளே வர முடிவதில்லை.

ராதாபுரம் பக்கம் நிற்கும் காற்றாலைகளைக் கவனித்தவர்களுக்கு இது கண்கூடு. ஆனியிலும் ஆடியிலும் அவை மேற்கே முகம் வைத்து இரவு பகலாகச் சுழல்கின்றன. புரட்டாசியில் மேல்காற்று தளர்ந்த ஒரு நாளில், முற்பகலில் இறக்கைகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றுவிடும். மரத்தில் இலை அசையாது. மோட்டார் அறையின் தகரக் கூரை படபடவென்று வெடிக்கும் ஓசை மட்டும் கேட்கும். பிறகு, உச்சியிலுள்ள தலைப்பகுதி மெல்ல மெல்லக் கடல் பக்கம் திரும்பி, இறக்கைகள் மறுபடியும் சுழலத் தொடங்கும். கடற்காற்று உள்ளே வந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. நண்பகலுக்கு முன்பே அவை திரும்பிவிட்டால் அன்றைய பொழுது ஒருவாறு கழிந்துவிடும். மாலை மூன்று, நான்கு மணி வரை மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தால் அன்று முருங்கைப் பூ கொத்துக் கொத்தாக உதிரும், ஆளும் சோர்ந்துவிடுவார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். காய் பறிக்க வந்திருந்த ஓர் அக்கா, வெயில் ஏறிய பிறகும் ‘இந்த வரிசையை முடித்துவிடுகிறேன்’ என்று நின்றவர், திடீரென்று என் பெயரைக் கேட்கத் தொடங்கினார். பல வருடங்களாக எங்களிடம் வேலைக்கு வருபவர் அவர். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது; நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. வேப்ப மர நிழலில் படுக்கவைத்து, சேலையோடு தண்ணீரை ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, இரண்டு பேர் விடாமல் விசிறினோம். 108-க்குப் பேசியபோது, நினைவு தடுமாறுகிறவரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றும், வண்டி வரும்வரை உடம்பைக் குளிரவைப்பதை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்கள். கடவுள் புண்ணியத்தில் அவர் தேறி வந்துவிட்டார். வியர்வை நின்று பேச்சு குழறினால் அது வெறும் மயக்கம் இல்லை, உயிருக்கு ஆபத்தான வெப்பத்தாக்கு என்பதை வேலைக்கு ஆள் கூட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு வானிலை அறிக்கையில் மஞ்சள், ஆரஞ்சு என்று எச்சரிக்கை நிறம் எதுவும் இல்லை. அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. கரையோர நிலையங்களில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என்று கணக்கில் எடுக்கிறது. நமக்கோ இந்த மாதத்தில் இயல்பே அதிகம் என்பதால், அந்தக் கணக்கு எளிதில் நிறைவேறாது. மேலும், அறிக்கை சொல்லும் டிகிரி என்பது தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில், காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளக்கப்படுவது. திருநெல்வேலி மாவட்டத்துக்கென்று நாம் கேட்கும் அளவு பெரும்பாலும் பாளையங்கோட்டையினுடையது. திசையன்விளையிலிருந்து அது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. செம்மணல் தேரியில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்த எண் பாதிச் செய்திதான். அதனால் நான் முந்தின நாள் மாலையே மறுநாள் நண்பகலுக்கான காற்றின் திசையையும் வேகத்தையும் பார்த்துவிடுகிறேன். மேற்கிலிருந்து பலமாக என்று இருந்தால், விடியும் முன்பே பறிப்பைத் தொடங்கிப் பத்து மணிக்குள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று வைத்திருக்கிறேன். கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. குறைத்தால் யாரும் பத்து மணிக்குக் கிளம்ப மாட்டார்கள்.

உவரியிலிருந்து, மீனவர் குடும்பம்:

அண்ணாச்சி எழுதியதில் காற்றைப் பற்றிய செய்தி முழுக்க உண்மை. ஆனால் கரைக்கு வந்தால் வெக்கையின் குணம் மாறிவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திசையன்விளையில் அடிப்பது காய்ந்த சூடு. பேருந்தில் அரை மணிக்குள் வந்துவிடக்கூடிய எங்கள் கரையில் அதே நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும், ஆனால் புழுக்கம் ஆளைத் தின்றுவிடும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் அடங்கி, கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் வடக்கிலிருந்து வரும் வாடையும் எடுக்காத இந்த இடைக்காலத்தில் வியர்வை உடம்பிலேயே நிற்கும். உலராத வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை. ‘அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்போது அசௌகரியம் ஏற்படலாம்’ என்று அறிக்கையில் ஒரு வரி வருகிறதே, அது எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கருவாடு காயப்போடும் பெண்கள் மணலின் சூட்டையும் கடலின் ஈரத்தையும் சேர்த்து வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது நண்பகல் புரட்டலை விட்டுவிட்டு, காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் புரட்டுகிறோம். இடையில் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பானை நிழலில் எப்போதும் இருக்கும்.

வெக்கை நாளில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாகக் கிடக்கிறது என்பதற்காக, வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். எங்கோ தெற்கே, பெருங்கடலில் கிளம்பும் அலை, இங்கே காற்று இல்லாதபோதும் வந்து மோதும். அதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். அதற்கான எச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனம் தனியாக வெளியிடுகிறது. வெப்பநிலைப் பக்கத்தில் அது இருக்காது.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

கரையோரத்தில் காயும் அதே நாளில் எங்களுக்கு மாலை மழை கிடைப்பதுண்டு. உங்கள் காற்றாலையைத் திருப்பிய கடற்காற்று உள்நாட்டுக்கு ஏறிவந்து, களக்காடு, மணிமுத்தாறு மலையடிவாரங்களில் மேல்காற்றை எதிர்கொள்ளும்போது மேகம் திரண்டு இடி இறங்குகிறது. அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்றிருந்தால், அந்தப் பகுதியிலுள்ள நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதவற்றில் பெய்யும் என்று பொருள். பக்கத்து ஊரில் நனைந்துவிட்டு நம் வயல் காய்ந்துகிடந்தால் அறிக்கை பொய்யாகிவிடாது. பிசானம் என்னும் நெல் பருவத்துக்கு நாற்றங்கால் பாவுகிறவர்கள் இந்த மாலை மழையை நம்பி விதைத்துவிட்டுத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை ராஜஸ்தானின் மேற்கிலிருந்து விலகத் தொடங்கும் இயல்பான தேதி செப்டம்பர் 17. வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் தொடங்குவது ஏறக்குறைய அக்டோபர் 20. இடையில் உள்ள ஒரு மாதத்துக்கு வானத்தைவிடப் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து நாற்றுப் பாவுவதே பாதுகாப்பு.