செப்டம்பர் கடைசியில் ஸ்ட்ரைடிங் எட்ஜ், ஷார்ப் எட்ஜ்: இந்தத் திட்டம் சரியா?

லெஸ்டர்வாசி:

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் போகிறோம். நான், மனைவி, கோவையிலிருந்து வந்திருக்கும் மச்சினன். வெள்ளி இரவு பென்ரித் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கல். சனிக்கிழமை கிளென்ரிடிங் ஊரிலிருந்து ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற குறுகலான முகட்டின் வழியாக ஹெல்வெலின் மலை ஏறி, ஸ்விரல் எட்ஜ் வழியாக இறங்குவது. ஞாயிறு பிளென்காத்ரா மலையில் ஷார்ப் எட்ஜ் முகடு. திங்கள் காலை ஸ்காஃபெல் பைக் ஏறிவிட்டு அப்படியே லெஸ்டர் திரும்புவது. இதுதான் திட்டம்.

நான் பீக் டிஸ்ட்ரிக்டில் அடிக்கடி நடப்பவன், ஸ்னோடனும் ஏறியிருக்கிறேன். மச்சினன் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவன், உயரம் என்றால் அவனுக்குக் கவலையே இல்லை. மனைவி எங்கள் இருவரையும்விட நன்றாக நடப்பாள், ஆனால் இரண்டு பக்கமும் பள்ளம் என்றால் நின்றுவிடுவாள். ஸ்ட்ரைடிங் எட்ஜ், ஷார்ப் எட்ஜ் இரண்டுக்கும் கிரேடு 1 (கையையும் ஊன்றி ஏறும் பாறைவழிகளில் மிகச் சுலபமான தரம்) என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரே கஷ்டம்தானே? கயிறு வேண்டியிருக்குமா? போனவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கெண்டல்காரன்:

முதலில் ஸ்காஃபெல் பைக்கை வெட்டுங்கள். 978 மீட்டர், இங்கிலாந்திலேயே உயரமானது என்பதால் எல்லாரும் அதைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பாரோடேல் பக்கம் சீத்வெயிட்டிலிருந்து ஏறி இறங்கவே ஏழெட்டு மணி நேரம் போகும். அதற்கு முன் இரண்டு நாள் முகடு ஏறிய கால்களோடு, அதே மாலை எம்6 சாலையில் லெஸ்டர் வரை யார் ஓட்டுவது? அந்த மலைக்கு இன்னொரு முறை தனியாக வாருங்கள்.

இப்போது கிரேடு. அந்த எண், பாறை காய்ந்திருக்கும் கோடை நாளுக்குக் கொடுத்தது. ஈரம் பட்டால் எண் அதேதான், பாறைதான் வேறு. ஹெல்வெலின் பக்கம் எரிமலைப் பாறை. ஆட்கள் மிதித்து மிதித்துப் பல இடங்களில் வழவழப்பாகிவிட்டது, ஆனாலும் ஷூ ஓரளவு பிடிக்கும். பிளென்காத்ரா சிலேட் வகை. மழை பெய்துவிட்டால் சோப்புத் தடவிய மாதிரி. போதாததற்கு, ஷார்ப் எட்ஜில் கால் வைக்கிற பாறைகள் சில வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மீட்புக்குழுவுக்கு அங்கே அடிக்கடி வேலை வருவது சும்மா இல்லை.

அதைவிட முக்கியமானது, தப்பிக்க வழி இருக்கிறதா என்பது. ஸ்ட்ரைடிங் எட்ஜில் முகட்டின் உச்சியிலேயே நடந்தால் கையாலும் பிடித்து ஏற வேண்டியிருக்கும். ரெட் டார்ன் ஏரிப் பக்கமாகச் சற்றுக் கீழே ஒரு பாதை கூடவே ஓடுகிறது, பிடிக்காத இடங்களை அதில் பெரும்பாலும் தாண்டிவிடலாம். முகட்டின் கடைசியில் ஒரு பாறை இடுக்கு வழியாகக் கீழே இறங்க வேண்டியிருக்கும். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, கால் எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து இறங்குங்கள். சனிக்கிழமை என்றால் அங்கே வரிசையே நிற்கும், பின்னால் நிற்பவருக்காக அவசரப்பட வேண்டாம். ஷார்ப் எட்ஜில் கடினமான இடத்தைத் தாண்ட இப்படிப் பக்கத்துப் பாதை கிடையாது. மேலே போக வேண்டும், அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும். ஈரப்பாறையில் திரும்பி இறங்குவது ஏறுவதைவிட மோசம்.

வெள்ளியங்கிரி ஏறியவருக்குக் கால் பலம் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் பயமே இல்லாதவரைத்தான் நான் முன்னால் விடமாட்டேன். நீங்கள் முன்னால் போங்கள்.

கயிறு வேண்டாம். கட்டத் தெரியாத கயிறு ஒருவர் விழும்போது மற்றவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஹெல்வெலின் உச்சி ஒரு மைதானம் மாதிரி விரிந்தது. 1926-இல் அதன் மேல் ஒரு சிறு விமானத்தை இறக்கித் திரும்பவும் கிளப்பியிருக்கிறார்கள், அவ்வளவு தட்டை. அதனால்தான் மூடுபனியில் திசை தெரியாது. ஸ்விரல் எட்ஜ் இறங்கும் இடம், டிரிக் தூணை (நில அளவைக்காக நட்ட தூண்) தாண்டி வடமேற்கே கொஞ்ச தூரத்தில், வலப்பக்கம். அதைக் கண்ணால் பார்க்க முடியாத நாளில் தேடவே தேடாதீர்கள். லோயர் மேன், வைட் சைடு உச்சிகள் வழியாகப் பெரிய பாதையிலேயே போய், கெப்பல் கோவ் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும் பழைய குதிரைப் பாதையில் கிளென்ரிடிங் வந்துவிடலாம். நேரம் கூடும், அவ்வளவுதான். இந்த மாற்றுவழியை வீட்டிலேயே வரைபடத்தில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டனன்ஸ் சர்வே ஓஎல்5 தாள் வாங்கினால் இரண்டு மலையும் அதிலேயே இருக்கும்.

உங்கள் மனைவி விரும்பினால் அதே குதிரைப் பாதையில் ஏறி, உச்சியில் சிலுவை வடிவத்தில் கட்டியிருக்கும் கல் தடுப்பில் உங்களைச் சந்திக்கலாம். அதில் முகடே கிடையாது.

போல்டன் அக்கா:

கெண்டல்காரர் சொன்னதெல்லாம் சரி, கடைசிப் பத்தி மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. பழக்கமில்லாத மலையில் ஒருவரைத் தனியாக அனுப்பிவிட்டு மேலே சந்திப்போம் என்பதா? தம்பி, மேலே பனி இறங்கினால் நீங்கள் அவர் வரவில்லையே என்று நிற்பீர்கள், அவர் நீங்கள் வரவில்லையே என்று நிற்பார். பள்ளத்தாக்கில் பல இடத்தில் போன் எடுக்காது.

நானும் உயரத்துக்குப் பயந்தவள்தான். எனக்குப் பிடித்த நாள், கிளென்ரிடிங்கில் உல்ஸ்வாட்டர் படகு ஏறி ஹவ்டவுனில் இறங்கி, ஏரிக்கரையோரமாக நடந்தே திரும்பி வருவது. பத்து, பதினொரு கிலோமீட்டர் இருக்கும். ஏற்ற இறக்கம் உண்டு, பள்ளம் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. நீங்கள் காரை விடுகிற அதே ஊரில்தான் முடியும். மழை வந்தாலும் நடக்கலாம்.

சாப்பாட்டுக்கு, பொடி தடவிய இட்லி. புளிச்சாதம் கொண்டு போய், காற்றில் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டி, பாதியைப் பறக்கவிட்டோம்.

கெண்டல்காரன்:

தனியாகப் போவது பற்றி அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் சனிக்கிழமை ஆள் நடமாட்டம் இருக்கும், அவரோ நன்றாக நடப்பவர் என்கிறார்கள். அவருக்கு எது சரி என்று நாம் மூன்று பேர் இங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறோமே, அவரிடம் யாராவது கேட்டீர்களா?

லெஸ்டர்வாசி:

கேட்டுவிட்டேன். "படகு" என்று ஒரே வார்த்தை. அப்புறம், "உச்சியில் குளிரில் உங்களுக்காகக் காத்திருக்க எனக்கென்ன தலையெழுத்தா" என்றும் சொன்னாள். ஸ்காஃபெல் பைக்கையும் எடுத்துவிட்டேன். மச்சினனுக்குத்தான் வருத்தம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. சனி மழை, ஞாயிறு வெயில் என்று வந்தால்? ஞாயிறு காலை ஷார்ப் எட்ஜ் போகலாமா?

கெண்டல்காரன்:

போக வேண்டாம். அந்தப் பக்கம் வெயில் குறைவு, செப்டம்பர் கடைசியில் ஒரே காலையில் காயாது. அப்படி வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரைடிங் எட்ஜை வையுங்கள், பிளென்காத்ராவைத் திங்களுக்குத் தள்ளுங்கள். அதுவும் ஷார்ப் எட்ஜ் வழியாக இல்லாமல், த்ரெல்கெல்டிலிருந்து ஹால்ஸ் ஃபெல் முகட்டில். அதுவும் கிரேடு 1-தான். தெற்கு பார்த்தது, சீக்கிரம் காயும். ஏறிக்கொண்டே போனால் முகடு நேராக உச்சியிலேயே, 868 மீட்டரில் கொண்டு போய் விடும். வழியில் சிறு பாறைகளைச் சுற்றிப் போகவும் இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஷார்ப் எட்ஜைவிட அழகான ஏற்றம் இதுதான், ஆனால் இதற்கு யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. காலையிலேயே தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு த்ரெல்கெல்டில் இருப்பீர்கள், ஊர் திரும்பவும் நேரம் இருக்கும்.

முந்தின நாள் மாலை லேக் டிஸ்ட்ரிக்ட் வெதர்லைன் பாருங்கள், எம்டபிள்யூஐஎஸ் மலை வானிலையும் பாருங்கள். மழையைவிடக் காற்றைக் கவனியுங்கள். மேலே மணிக்கு 30 மைலுக்கு மேல் என்றால் முகடு வேண்டாம் என்பது என் கணக்கு. பென்ரித்தில் டீ-ஷர்ட் போட்டு நடக்கிற அன்றைக்கும் ஹெல்வெலின் மேலே குல்லாய் வேண்டியிருக்கும். அந்த வாரம் சூரியன் 7 மணி வாக்கில் மறைந்துவிடும், ஆளுக்கொரு தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். போன் விளக்கை நம்பாதீர்கள், அந்த பேட்டரி வேறு வேலைக்கு வேண்டும்.

ஏதாவது ஆகிவிட்டால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேட்க வேண்டும். ஆம்புலன்ஸ் கேட்டால் சுற்றுவழி. வருபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், பணம் வாங்கமாட்டார்கள். சிக்னல் இல்லாவிட்டால் விசில்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். படகில் போகிறவரிடம் நீங்கள் போகும் வழியையும், எத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் போன் செய்ய வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

லெஸ்டர்வாசி:

மிக்க நன்றி. வரைபடத்தை இன்றைக்கே வாங்குகிறேன். இட்லிப் பொடி வீட்டில் இருக்கிறது.